கிறிஸ்துமஸ் மரத்து அலங்காரச் சாமான்களுக்கு ஆங்கிலத்தில் என்ன பேர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் போதும், பிள்ளையின் பள்ளிக் கட்டுரைக்கு, லண்டனில் இருக்கிற மருமகளுக்கு அனுப்பும் மெசேஜுக்கு, ஆன்லைனில் சாமான் தேடுவதற்கு என்று ஆளாளுக்கு இதே சந்தேகங்களோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சாமான்களில் பாதிக்கு மேல் பிரிட்டனில் ஒரு பேர், அமெரிக்காவில் ஒரு பேர், நம்மூர் ஆங்கிலத்தில் மூன்றாவதாக ஒன்று. எதுவும் தப்பு கிடையாது, யாரிடம் பேசுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

மரத்தில் பளபளவென்று உருண்டையாகத் தொங்குகிறதே, அதற்கு என்ன பேர்?

பிரிட்டனில் பாபிள். அமெரிக்காவில் ஆர்னமென்ட். உருண்டை என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் அமெரிக்கர்கள் பால் ஆர்னமென்ட் என்பார்கள், கிறிஸ்துமஸ் பால் என்றாலும் இரண்டு ஊரிலும் புரியும். நம் ஊர்க் கடையில் 'கிறிஸ்துமஸ் பால்ஸ்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், பாபிள் என்றால் முழிப்பார்கள்.

இரண்டு சொல்லும் ஒரே அளவுக்கு விரியாது. பாபிள் என்றால் உருண்டையும் அதைச் சேர்ந்த வடிவங்களும்தான். ஆர்னமென்ட் என்றால் கிளையில் தொங்குகிற எதுவும்: உருண்டை, மணி, குட்டி ரயில், மரத்தில் செதுக்கிய மான், பிள்ளை பள்ளியில் ஐஸ் குச்சியை ஒட்டிச் செய்த நட்சத்திரம், எல்லாம். அமெரிக்காவில் பாபிள் என்று சொன்னால் மலிவான பகட்டுச் சாமான் என்ற அர்த்தம்தான் முதலில் தோன்றும். அந்த ஏளனம் பழையது. 1653-இல் ஆலிவர் கிராம்வெல் பார்லிமென்டைக் கலைக்கப் போனபோது, சபையின் செங்கோலைக் காட்டி அதை பாபிள் என்றுதான் சொன்னார். கோமாளி கையில் வைத்திருக்கும் குச்சிக்கும் அப்போது அதே பேர்.

ஆர்னமென்ட் என்றால் நகை இல்லையா? ஸ்கூலில் அப்படித்தானே படித்தோம்?

நம்மூரில் 'கோல்டு ஆர்னமென்ட்ஸ்' என்று நகைக்கடை போர்டிலேயே எழுதியிருக்கும், அதனால் வரும் குழப்பம் இது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உடம்பில் போடுவதற்கு ஜுவல்லரி என்பதுதான் அன்றாடச் சொல். ஆர்னமென்ட் என்றால் அமெரிக்கருக்கு டிசம்பரில் மரத்துச் சாமான். பிரிட்டிஷ்காரருக்கு அது ஷோகேஸில் வைக்கும் பீங்கான் பொம்மை மாதிரியான பொருள், பூந்தொட்டியோரம் நிற்கிற குள்ளன் பொம்மைகூட கார்டன் ஆர்னமென்ட்தான்.

ஆக, அமெரிக்கத் தோழி 'என் பாட்டியின் ஆர்னமென்ட்ஸை இன்றைக்குத்தான் வெளியே எடுத்தோம்' என்று எழுதினால் லாக்கரைத் திறந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பரணில் இருந்த அட்டைப் பெட்டியை இறக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த உருண்டையின் தலையில் இருக்கும் மூடி, கொக்கிக்கெல்லாம் பேர் உண்டா?

உண்டு, உதிரியாக வாங்கப் போகிறவர்களுக்கு அவசியம் வேண்டும். மேலே இருக்கும் சின்ன உலோக மூடி ஆர்னமென்ட் கேப். அதைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கம்பிக் கால்கள் விரிந்தபடி உருண்டையின் கழுத்தைக் கவ்விக்கொண்டிருக்கும், இரண்டையும் சேர்த்து அமுக்கினால் மூடி கையோடு வந்துவிடும். கண்ணாடி உருண்டையில் பெரும்பாலும் அந்தக் கழுத்துதான் முதலில் சில்லுப் போகும். கிளையில் மாட்டும் வளைந்த கம்பி ஆர்னமென்ட் ஹுக், நூலாகவோ ரிப்பனாகவோ இருந்தால் ஹேங்கிங் லூப்.

கண்ணாடி உருண்டைகளின் தாய்வீடு ஜெர்மனியில் தூரிங்கியா பகுதியிலுள்ள லவுஷா என்ற ஊர். கண்ணாடி ஊதுகிறவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் வீட்டிலேயே குடும்பமாக உட்கார்ந்து செய்தார்கள், உள்ளே வெள்ளிப் பூச்சு ஊற்றி வெளியே சாயம் முக்கி. 1880-களில் உல்வர்த் என்ற அமெரிக்க வியாபாரி தன் கடைகளுக்கு இவற்றை இறக்குமதி செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிச் சரக்கு நின்றபோது அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் மின்பல்புக்குக் கண்ணாடி ஊதும் இயந்திரத்திலேயே இவற்றையும் ஊதித் தள்ளியது. இப்போது பெட்டியில் ஷாட்டர்ப்ரூஃப் என்று இருந்தால் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். குழந்தையும் பூனையும் இருக்கும் வீட்டுக்கு அதுதான் சரி.

ஜிகினா மாதிரி சரசரவென்று நீளமாக இருக்குமே, அது?

டின்சல். இதிலும் பிரிட்டன் ஒரு பக்கம் அமெரிக்கா ஒரு பக்கம். பிரிட்டனில் டின்சல் என்றால் தடிமனாக, புசுபுசுவென்று, கயிறு போல நீளமாக மரத்தைச் சுற்றிப் போடுவது. அமெரிக்காவில் பலருக்கு டின்சல் என்றால் மெல்லிய வெள்ளி இழைகள், ஒவ்வொன்றாகக் கிளை நுனியில் தொங்கவிடுவது. அதற்கு ஐசிக்கிள்ஸ் என்றும் சொல்வார்கள், கூரை விளிம்பில் உறைந்து தொங்கும் பனிக் குச்சியின் பேர் அது. ஜெர்மன் சொல்லான லமெட்டாவைச் சில பிரிட்டிஷ்காரர்கள் இந்த இழைக்குப் பயன்படுத்துவார்கள். புசுபுசு கயிற்றை அமெரிக்கர் டின்சல் கார்லண்ட் என்பார்.

முன்பு அந்த இழையை நிஜ வெள்ளியில் செய்தார்கள், அது சீக்கிரம் கறுத்துவிடும். அப்புறம் ஈயத்துக்கு மாறினார்கள்; கனமாக இருக்கும், நேராகத் தொங்கும், அழகுதான், ஆனால் குழந்தைகள் வாயில் வைத்தால் விஷம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். இப்போது கிடைப்பது பிளாஸ்டிக், லேசு, ஃபேன் காற்றுக்கே பறக்கும்.

அப்போ ஜிகினாத்தூள்?

அது கிளிட்டர். மேலே ஒட்டியிருந்தால் கிளிட்டர்ட் அல்லது கிளிட்டரி. டின்சலோடு குழப்ப வேண்டாம்.

'சீரியல் செட்' என்று சொன்னால் வெளிநாட்டில் புரியுமா?

புரியாது. டிவி சீரியலையோ காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுவதையோ நினைப்பார்கள், இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். நம் சொல் பல்புகளை வரிசையாக இணைக்கும் சீரிஸ் இணைப்பிலிருந்து வந்தது, நம்மூருக்குள் அதற்கு ஈடே இல்லை. கல்யாண வீடு, கோவில் கொடை, கிறிஸ்துமஸ் எதற்கும் சீரியல் செட்தான்.

பிரிட்டனில் ஃபேரி லைட்ஸ். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் லைட்ஸ் அல்லது ஸ்ட்ரிங் லைட்ஸ், மினுக் மினுக்கென்று எரிவதை ட்விங்கிள் லைட்ஸ் என்பார்கள். ஒரு சரத்துக்கு 'எ ஸ்ட்ரிங் ஆஃப் லைட்ஸ்' அல்லது 'எ ஸ்ட்ராண்ட்'. எடிசனோடு வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன் 1882-இல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 மின்பல்புகளை மாட்டி, மரத்தையே மோட்டார் வைத்துச் சுற்றவிட்டார். அதற்கு முன்னால் நிஜ மெழுகுவர்த்திதான், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு.

ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடுகிறதே, அதை எப்படிச் சொல்வது? 'பல்ப் காட் ஃபியூஸ்டு' சரியா?

நம்மூரில் சரி. பிரிட்டனில் 'எ பல்ப் ஹேஸ் கான்' அல்லது 'ப்ளோன்' என்பார்கள், அமெரிக்காவில் 'பர்ன்ட் அவுட்'. லைட்ஸ் ஃபியூஸ் ஆனது என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் பல்பு போனதைச் சொல்லவில்லை, ஃபியூஸ் போய் மொத்தமும் அணைந்ததைச் சொல்கிறார்.

சரத்தில் பாதி எரிகிறது, பாதி எரியவில்லை என்றால் 'ஹாஃப் த ஸ்ட்ரிங் இஸ் அவுட்'. நீளச் சரங்களுக்குள் இரண்டு மூன்று தனித்தனிச் சுற்றுகள் இருக்கும், அதில் ஒன்று மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். இழை பல்பு வைத்த மினி லைட்ஸில் ஒவ்வொரு பல்புக்குள்ளும் ஷன்ட் என்று ஒரு சின்னக் கம்பி உண்டு. இழை அறுந்தாலும் மின்சாரம் அதன் வழியாகப் போய்விடும், மற்றவை எரியும். ஆனால் பல்பே சாக்கெட்டிலிருந்து கழன்றுவிட்டால் அந்தச் சுற்று முழுக்க அவுட்தான், அதனால் முதலில் ஒவ்வொரு பல்பையும் லேசாக அமுக்கிப் பாருங்கள்.

உச்சியில் வைக்கிற நட்சத்திரத்துக்குத் தனிப் பேர் உண்டா?

உச்சியில் எது இருந்தாலும் பொதுப் பேர் ட்ரீ டாப்பர். அது நட்சத்திரமாக இருக்கலாம், ஏஞ்சலாக இருக்கலாம், பிரிட்டனில் மந்திரக்கோலோடு ஃபேரியாகவும் இருக்கலாம். கூர்மையாக ஈட்டி மாதிரி கண்ணாடியில் இருந்தால் ஃபினியல், கோபுர உச்சியில் வைக்கும் கூர்முனைக்கும் அதே பேர்தான். நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர் மரத்தின் உச்சியில் 2004-இலிருந்து ஸ்வரோவ்ஸ்கி படிக நட்சத்திரம் வைக்கிறார்கள்.

ஏஞ்சல் என்று எழுதும்போது கடைசி இரண்டு எழுத்து இ, எல். மாற்றி எல், இ என்று போட்டால் அது கோணம் ஆகிவிடும், 'மரத்தின் உச்சியில் ஒரு கோணம் வைத்தோம்' என்று எழுதிய கட்டுரைகள் வருடா வருடம் வருகின்றன.

நாம் வாசலில் கட்டுகிறோமே, பேப்பர் ஸ்டார், அதையும் ஸ்டார் என்றால் போதுமா?

நம்மூரிலும் கேரளாவிலும் போதும், டிசம்பரில் ஸ்டார் கட்டியாச்சா என்று கேட்டால் எல்லோருக்கும் விளங்கும். வெளிநாட்டவரிடம் சொல்லும்போது பேப்பர் ஸ்டார் லான்டர்ன் என்று சொல்லுங்கள், உள்ளே பல்பு எரியும் என்பதும் சேர்ந்து புரியும். வெறுமனே ஸ்டார் என்றால் மரத்து உச்சியில் இருப்பதாக நினைப்பார்கள். நிறைய முனைகளோடு பந்து மாதிரி சிலிர்த்து நிற்பது மொரேவியன் ஸ்டார், ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் ஊரில் பிரபலமானது.

கார்லண்ட், ரீத் இரண்டுமே மாலைதானே?

தமிழில் இரண்டையும் மாலை என்று சொல்லிவிடலாம், ஆங்கிலத்தில் முடியாது. கார்லண்ட் நீளமான சரம், இரண்டு முனையும் சேராது, மரத்தைச் சுற்றியோ மாடிப்படிக் கைப்பிடியிலோ போடுவது. ரீத் வட்டம், கதவில் மாட்டுவது. இவை போக ஸ்வாக் என்று ஒன்று உண்டு: இலைக்கொத்தைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவது, அல்லது இரண்டு ஆணிக்கு நடுவே தொய்வாக விடுவது. நாம் ஆளுக்குக் கழுத்தில் போடும் பூமாலையும் கார்லண்ட்தான், அதனால் இந்தியர்களுக்கு அந்தச் சொல்லோடு பழக்கம் அதிகம்.

கலர் பேப்பரை வளையம் வளையமாக ஒட்டிச் செய்வது பேப்பர் செயின். சோளப்பொரியைக் கோத்தால் பாப்கார்ன் கார்லண்ட், அது அமெரிக்க வழக்கம். முக்கோணக் கொடிகளைக் கயிற்றில் கட்டினால் பன்டிங், அது பெரும்பாலும் மரத்துக்கு இல்லை, சுவருக்கும் தெருவுக்கும்.

ரீத் என்றால் சாவு வீட்டில் வைப்பது இல்லையா? அதைப் போய் வாசல் கதவில் மாட்டுகிறார்களே!

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாக்களின் முகத்தில் நிஜமான பதற்றம் இருக்கும். நமக்கு மலர்வளையம் என்றாலே அஞ்சலிதான், அமைச்சர் வந்து வைத்துவிட்டுப் போவார். ஆங்கிலத்தில் ரீத் என்பது வட்டமாகக் கட்டிய இலை அல்லது பூ, அவ்வளவே. சாவுக்கு வைத்தால் ஃபியூனரல் ரீத், கதவில் மாட்டினால் கிறிஸ்துமஸ் ரீத், மேஜையில் படுக்கவைத்து நான்கு மெழுகுவர்த்தி செருகி வாரம் ஒன்றாக ஏற்றினால் அட்வென்ட் ரீத்.

அப்படியும் மனசு ஒப்பவில்லையா, கதவில் ஒரு பெரிய சிவப்பு ரிப்பன் முடிச்சை மாட்டிவிடுங்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'போ' என்று பேர், வில்லுக்கு எழுதும் அதே எழுத்துகள்.

மரத்தடியில் பாவாடை மாதிரி ஒன்று விரிக்கிறார்களே?

பாவாடையேதான், ட்ரீ ஸ்கர்ட். ஸ்டாண்டை மறைக்கவும் உதிரும் இலையைப் பிடிக்கவும். துணிக்குப் பதில் கூடையிலோ தகரத்திலோ வளையமாக இருந்தால் ட்ரீ காலர்.

குடிலுக்கு கிரிப் என்று சொல்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகள் அது குழந்தை படுக்கிற தொட்டில் என்கிறாள். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும். பிரிட்டனிலும் நம் சர்ச்சுகளிலும் கிரிப் என்றால் குடில். அமெரிக்காவில் கிரிப் என்றால் கம்பி போட்ட குழந்தைக் கட்டில், குடிலுக்கு அங்கே நேட்டிவிட்டி சீன் அல்லது கிரெஷ். குழந்தைக் கட்டிலைப் பிரிட்டனில் காட் என்பார்கள், அந்தச் சொல் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது.

மேஞ்சர் என்பது மாடு தின்னும் தீவனத் தொட்டி, குழந்தை இயேசுவைக் கிடத்திய இடம். முழுக் குடிலுக்கும் மேஞ்சர் சீன் என்று சொல்லலாம், மேஞ்சர் மட்டும் தனியாக என்றால் தொட்டிதான். நடுவில் ஒரு 'ஏ' கூடிப்போனால் மேனேஜர் ஆகிவிடுகிறது, குழந்தையை மேனேஜரிடம் கிடத்தியதாக எழுதிய விடைத்தாளையும் பார்த்தாயிற்று. உயிருள்ள ஆளும் மாடும் வைத்துக் குடில் அமைக்கும் வழக்கத்தை 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் செய்து காட்டியதாகச் சொல்வார்கள்.

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் மேஜையில் கிராக்கர் வைக்கிறார்களாமே, வீட்டுக்குள் பட்டாசா?

பயப்பட வேண்டாம். கிறிஸ்துமஸ் கிராக்கர் என்பது மிட்டாய்க் காகிதம் போல இரண்டு பக்கமும் முறுக்கிய அட்டைக் குழல். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தால், உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய மருந்துப் பட்டை டப்பென்று ஒரு சத்தம் போடும், பிளாஸ்டிக் சாமான் ஒன்றும், மடித்த காகிதக் கிரீடமும், படுமோசமான கடி ஜோக் ஒன்றும் விழும். கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டுதான் சாப்பாடு. 1840-களில் லண்டன் மிட்டாய் வியாபாரி டாம் ஸ்மித் தொடங்கிவைத்தது. சின்ன அளவில் செய்து மரத்திலும் தொங்கவிடுவார்கள். அமெரிக்காவில் பல பேருக்கு இது தெரியவே தெரியாது, அங்கே கிராக்கர் என்றால் உப்பு பிஸ்கட்.

நம் பட்டாசு அவர்களுக்கு ஃபயர்வொர்க்ஸ், வெடி மட்டும் என்றால் ஃபயர்கிராக்கர்ஸ். நாம் 'பர்ஸ்ட்' பண்ணுகிறோம், அவர்கள் ஃபயர்வொர்க்ஸை 'லெட் ஆஃப்' அல்லது 'செட் ஆஃப்' பண்ணுவார்கள், கிறிஸ்துமஸ் கிராக்கரை மட்டும் 'புல்' பண்ணுவார்கள். தீபாவளி பற்றி எழுதும்போது இதைக் கவனியுங்கள்.

ஸ்டாக்கிங் என்பது சாக்ஸ்தானே? அதை மரத்தில் மாட்டுவார்களா?

முழங்கால் வரை வரும் பெரிய சாக்ஸ். வழக்கமான இடம் மரம் இல்லை, கணப்படுப்புக்கு மேலே இருக்கும் மேன்டல்பீஸ் அல்லது கட்டில் கால்மாடு. அதில் போடும் சின்னச் சின்னப் பரிசுக்குப் பிரிட்டனில் ஸ்டாக்கிங் ஃபில்லர், அமெரிக்காவில் ஸ்டாக்கிங் ஸ்டஃபர். கைத்தடி மாதிரி வளைந்த சிவப்பு வெள்ளைப் புதினா மிட்டாய், கேண்டி கேன், மட்டும் வளைவு வசதியால் கிளையில் நேராகவே தொங்கும். அது இயேசுவின் பெயர் முதலெழுத்து என்று ஒரு கதை சுற்றுகிறது, ஆதாரம் கிடையாது.

'ட்ரிம் த ட்ரீ' என்றால் கிளையை வெட்டச் சொல்கிறார்களா?

டிசம்பரில் இல்லை. அலங்கரிப்பது என்று அர்த்தம், அமெரிக்காவில் அதிகம். ட்ரீ ட்ரிம்மிங் பார்ட்டிக்குக் கூப்பிட்டால் கத்தரிக்கோலோடு போய் நிற்க வேண்டாம், ஒரு ஆர்னமென்டோடு போங்கள். பிரிட்டனில் 'ட்ரெஸ் த ட்ரீ' என்றும் சொல்வார்கள். எங்கும் புரிவது 'டெகரேட்'. மரத்தை நிறுத்துவது 'புட் அப்', கழற்றி வைப்பது 'டேக் டவுன்'. 'ஆல் த ட்ரிம்மிங்ஸ்' என்று கேட்டால் அது சாப்பாடு, வான்கோழியோடு வரும் உருளைக்கிழங்கு, ஸ்டஃபிங், சாஸ் வகையறா.

'ஆன் த ட்ரீ'யா 'இன் த ட்ரீ'யா? டின்சல்ஸ் என்று பன்மை போடலாமா?

மாட்டியது எல்லாம் ஆன். கிளைகளுக்கு உள்ளே மறைந்திருப்பது, பறவை, ஒளித்து வைத்த பொருள், பூனை, எல்லாம் இன். பரிசுகள் அண்டர். விளக்குச் சரம் அரவுண்ட். டின்சலுக்குப் பன்மை போடாதீர்கள், தண்ணீர் சர்க்கரை போல எண்ண முடியாத சொல்: 'சம் டின்சல்', 'எ பீஸ் ஆஃப் டின்சல்'. கிளிட்டரும் அப்படியே. பாபிள்ஸ், ஆர்னமென்ட்ஸ், டெகரேஷன்ஸ், லைட்ஸ் எல்லாம் தாராளமாகப் பன்மையில் வரும்.

இந்தச் சொற்களை உச்சரிக்கவே பயமாக இருக்கிறது. எதை எப்படிச் சொல்வது?

தடுக்கி விழும் இடங்கள் கொஞ்சம்தான். பாபிளில் இரண்டு 'ப'வும் பல்பின் முதல் 'ப' மாதிரி, 'பா' கொஞ்சம் 'பாவ்' பக்கம் சாயும். ரீத்தில் முதல் எழுத்து டபிள்யூ ஊமை. மிசில்டோ என்ற செடியின் பேரில் நடுவில் இருக்கும் டி ஊமை, கிறிஸ்மஸில் டி ஊமையாக இருப்பது போலவே. தமிழில் நாம் 'து' போட்டு எழுதுவதால் ஆங்கிலத்திலும் அதைச் சொல்லிவிடுகிறோம். மேஞ்சர், ஏஞ்சல் இரண்டிலும் முதல் உயிரொலி 'ஏய்'.

கிறிஸ்துமஸுக்கு வைக்கும் பாயின்செட்டியா செடியின் பேரில் கடைசியில் 'டியா' உண்டு, ஆங்கிலம் பேசுகிறவர்கள் பலரே 'டா' என்று விழுங்குவார்கள். சிவப்பாக இருப்பது பூ இல்லை, இலை. நடுவில் மஞ்சளாகக் கடுகு போல இருப்பதுதான் பூ. மெக்சிகோவில் தூதராக இருந்த அமெரிக்கர் ஜோயல் பாயின்செட்டின் பேர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

ஹோலி, மிசில்டோ இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

ஹோலி இலையில் முள், காய் சிவப்பு. மிசில்டோ இலை மழமழ, காய் வெள்ளை. வண்ணமடிக்கிற ஹோலிப் பண்டிகையின் 'ஹோ'வை நீட்டுவோம், இதை நீட்டக் கூடாது, ஹாலிவுட்டின் முதல் பாதி. ஒரு சின்னக் கொத்துக்கு 'எ ஸ்பிரிக் ஆஃப் ஹோலி'.

மிசில்டோ நம் ஊர்ப் புல்லுருவிக்கு உறவுக்காரச் செடி, மரத்தின் மேலே ஒட்டுண்ணியாக வளர்வது. மாமரத்தில் அதைப் பார்த்தால் நாம் அரிவாள் எடுப்போம், அவர்கள் நிலைப்படியில் தொங்கவிட்டுக் கீழே நிற்பவரை முத்தமிடுவார்கள். அதனால் மரத்தில் வைப்பதில்லை.

அமெரிக்காவில் மரத்தில் 'பிக்கிள்' தொங்கவிடுவார்களாம். ஊறுகாயா?

அமெரிக்க பிக்கிள் என்பது புளிக்காடியில் ஊறிய முழு வெள்ளரிக்காய். இது அந்த வடிவில் பச்சைக் கண்ணாடியில் செய்த ஆர்னமென்ட். பச்சைக் கிளைக்குள் ஒளித்து வைப்பார்கள், முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஒரு பரிசு கூடுதல். 'இன் த ட்ரீ' சரியாகப் பொருந்தும் இடம் இதுதான். பழைய ஜெர்மன் வழக்கம் என்று சொல்லி விற்கிறார்கள், ஜெர்மனியில் கேட்டால் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை என்பார்கள்.

நிஜ மரத்துக்கு என்ன பேர்? பைன், ஃபர் எல்லாம் ஒன்றா? நர்சரியில் விற்கும் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' எது?

ஊசியிலையைப் பறித்துப் பாருங்கள். இரண்டு முதல் ஐந்து ஊசிகள் கொத்தாக வந்தால் பைன். ஒற்றையாக வந்து, விரலிடுக்கில் உருட்டினால் உருண்டால் ஸ்ப்ரூஸ். ஒற்றையாக வந்து தட்டையாக, உருளாமல் இருந்தால் ஃபர். விலங்கின் ரோமத்தைச் சொல்லும் ஃபருக்கு 'யு', இதில் 'ஐ'. பிரிட்டனில் இப்போது அதிகம் விற்பது நார்ட்மன் ஃபர், ஊசி சீக்கிரம் உதிராது. ஊசி உதிர்வதற்கு நீடில் ட்ராப் என்று பேர். லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்து மரம் நார்வே ஸ்ப்ரூஸ், 1947 முதல் வருடா வருடம் ஓஸ்லோ நகரம் அனுப்பும் நன்றிக்கடன்.

நம் நர்சரியில் தட்டுத் தட்டாகக் கிளை விரித்து நிற்பது அராக்கேரியா. ஆங்கிலத்தில் நார்ஃபோக் ஐலண்ட் பைன், பேரில்தான் பைன், சொந்தம் வேறு. கிராமத்துச் சர்ச்சுகளில் நடும் சவுக்குக் கிளைக்கு காசுவரினா என்று எழுதுங்கள், தயங்க வேண்டாம். அதைப் பைன் என்று மாற்றி எழுதுவதைவிட அதுதான் அழகு.

செயற்கை மரம் வாங்கப் போகிறேன். பெட்டியில் போட்டிருப்பது ஒன்றும் புரியவில்லை.

ப்ரீ-லிட் என்றால் விளக்கு ஏற்கெனவே மாட்டியது. ஃப்ளாக்டு என்றால் கிளையில் வெள்ளைப் பனி ஒட்டியது, ஃப்ராஸ்டட் என்றால் நுனியில் மட்டும் லேசாக. டிப்ஸ் என்று ஒரு எண் இருக்கும், அது கிளை நுனிகளின் எண்ணிக்கை; ஒரே உயரமுள்ள இரண்டு மரத்தில் எண் கூடினது அடர்த்தி. ஹிஞ்ட் என்றால் கிளைகள் தண்டோடு கீல் போட்டுச் சேர்ந்திருக்கும், குடை போல விரிந்துவிடும். விரித்த பிறகு ஒவ்வொரு நுனியையும் மேலும் கீழுமாகப் பிரித்துவிடும் வேலைக்கு ஃப்ளஃபிங், அதைச் செய்யாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் துடைப்பமாகத்தான் நிற்கும்.

எக்ஸ்மஸ் என்று எழுதினால் கிறிஸ்துவையே நீக்கியது ஆகாதா?

ஆகாது. அந்த எக்ஸ் கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதலெழுத்து, 'கி' என்ற எழுத்து. பல நூற்றாண்டாகச் சுருக்கி எழுதும் வழக்கம்தான். ஆனாலும் வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சர்ச் நோட்டீஸிலும் வாழ்த்து அட்டையிலும் முழுசாக எழுதிவிடுவது நல்லது.

மரத்தை எப்போது கழற்ற வேண்டும்? 'ட்வெல்ஃப்த் நைட்' என்றால் எந்த நாள்?

கிறிஸ்துமஸிலிருந்து பன்னிரண்டாம் இரவு. ஜனவரி 5 என்று சிலரும் 6 என்று சிலரும் எண்ணுகிறார்கள். 6-ஆம் தேதி நம் சர்ச்சுகளில் மூன்று ராஜாக்கள் திருநாள், ஆங்கிலத்தில் எபிஃபனி. அதற்கு மேல் விட்டால் ஆகாது என்று பிரிட்டனில் ஒரு நம்பிக்கை.

பரீட்சையில் எதை எழுதுவது, பாபிளா ஆர்னமென்டா?

ஏதாவது ஒன்றை எடுத்து கடைசி வரை அதையே எழுதுங்கள். பாபிள் எழுதினால் ஃபேரி லைட்ஸ், ஃபாதர் கிறிஸ்துமஸ். ஆர்னமென்ட் எழுதினால் கிறிஸ்துமஸ் லைட்ஸ், சான்டா. ஒரே பத்தியில் கலந்தால் திருத்துகிறவர் கண்ணை உறுத்தும். சீரியல் செட்டைக் கதைக்குள் ஒரு பாத்திரம் பேசினால் அப்படியே விடலாம், நம் ஊரில் நடக்கிற கதையில் அவள் ஃபேரி லைட்ஸ் என்று சொன்னால்தான் செயற்கை.

குவைத்தில் ஆயில் கம்பெனியில் இருக்கும் சித்தப்பா ஜூன் மாதத்தில் 'இன்றைக்கு கிறிஸ்துமஸ் ட்ரீ மாட்டினோம்' என்றாரே, கிண்டலா?

கிண்டல் இல்லை, வேலை. எண்ணெய்க் கிணற்றின் வாயில் பொருத்தும் வால்வுகள், கேஜுகள், குழாய்கள் சேர்ந்த அடுக்குக்கு அந்தத் துறையில் கிறிஸ்துமஸ் ட்ரீ என்றுதான் பேர். இரண்டு பக்கமும் கை நீட்டி, சக்கர வால்வுகள் தொங்க நிற்கும். நேர்ப்பாதையில் இரண்டிரண்டு கார்களாக ஓடும் அமெரிக்க ட்ராக் ரேஸில் புறப்படச் சொல்லும் விளக்குக் கம்பத்துக்கும் அதே பேர். அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு மசோதாவோடு சம்பந்தமில்லாத சலுகைகளை ஆளுக்கொன்றாகத் தொங்கவிட்டால் அதுவும் கிறிஸ்துமஸ் ட்ரீ பில். சித்தப்பாவிடம் பாபிள் எங்கே என்று கேட்காதீர்கள், அவர் பதிலுக்கு வால்வின் பேர்களைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.